டின்னுக்குள் முப்பது பாலன்கள்

மெர்ல் பாஸ்கோ எதையும் எறிந்ததில்லை. இதைப் புகழாகவும் சொல்லலாம், புகாராகவும் சொல்லலாம். எங்கள் ஊரான கர்லிங்காவில் நாங்கள் இரண்டு விதமாகவும் சொன்னோம்.

ரொட்டிப் பையின் வாயைப் பூட்டி வருமே ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டு, அது அவள் வீட்டில் செம்மறியாட்டின் காது. முட்டை அட்டையின் குழிகள் மணிகள். கிழிந்த பாட்டுப் புத்தகத்தின் பக்கங்கள் தேவதைகளுக்கு இறக்கை. கிட்டே போய்ப் பார்த்தால் இடது இறக்கையில் மூன்றாம் சரணம் தெரியும். பரிசு சுற்றி வந்த தாளை இஸ்திரி போட்டு மடித்து வைப்பாள். பிரிக்கும்போது கிழித்தவர்களுக்கு அடுத்த வருஷம் செய்தித்தாளில்தான் பரிசு. பார்லி விலை நிலவரத்தில் சுற்றிய சோப்பை நான் இரண்டு வருஷம் வாங்கியிருக்கிறேன்.

எங்கள் பக்கம் டிசம்பர்தான் கோடை, வெயில் நாற்பத்திரண்டு டிகிரிக்குப் போகும். அதனால் விடிவதற்கு முன்பே அடுப்பைப் பற்றவைத்து பிஸ்கட் சுட்டு முடிப்பாள். அணைத்த அடுப்பின் மிச்சச் சூட்டில் தோரணத்துக்கான ஆரஞ்சு வில்லைகள் காயும். அதற்கும் மிச்சமான சூட்டில் அவள் கணவன் கிளாரியின் காலுறைகள் காயும். கிளாரியின் கால் எப்போதும் ஆரஞ்சு மணக்கும்.

ஆலயக் கூடத்தில் கிறிஸ்துமஸ் குடில் வைக்கும் பொறுப்பு எண்பத்தேழில் அவளுக்கு வந்தது. பொம்மைகள் வாங்கலாம் என்று சபையில் யாரோ சொன்னார்கள்.

"பொம்மைன்னா பெட்டி வேணும். பெட்டிக்கு அலமாரி வேணும். அலமாரிக்குத் தூசி தட்ட ஆள் வேணும்" என்றாள் மெர்ல். "பிஸ்கட்ல செஞ்சா அன்னிக்கே தின்னு தீர்த்துடலாம்."

இஞ்சியும் கரும்புப் பாகும் சேர்த்த பிஸ்கட்டில் முழுக் குடிலும் செய்தாள். கிறிஸ்துமஸ் காலை ஆராதனை முடிந்ததும் டீயோடு குடிலைச் சாப்பிட்டோம். யாருக்கு எது என்பது முதல் வருஷமே முடிவாகிவிட்டது. ஆடுகள் பிள்ளைகளுக்கு. மேய்ப்பர்கள் ஆடு வளர்ப்பவர்களுக்கு. ஞானிகள் மூவரும் சபைக் குழுவுக்கு. மரியாளைப் பெண்கள் பங்கிட்டுக்கொள்வார்கள். யோசேப்பு, தாமதமாக வருகிறவருக்கு. கழுதை கிளாரிக்கு. டீ பாய்லரைப் பார்த்துக்கொள்வது நான் என்பதால் எனக்குத் தேவதை. இறக்கையை மட்டும் மெர்ல் கழற்றி எடுத்துக்கொள்வாள்.

கடைசியில் தட்டில் பாலன் இயேசு மட்டும் மிஞ்சினார். சுண்டுவிரல் நீளம். இரண்டு உலர்திராட்சைக் கண்கள்.

"நீ எடேன்."

"ஐயோ, நான் மாட்டேம்ப்பா. நீ எடு."

யாரும் எடுக்கவில்லை. மெர்ல் அதை ஒரு டின்னில் வைத்து, மூடியில் 87 என்று எழுதி வீட்டுக்குக் கொண்டுபோனாள். அடுத்த வருஷம் புதிதாக ஒரு பாலன் செய்தாள். பழைய பிஸ்கட் என்றால் ஓரம் உதிரும் என்பது அவள் கட்சி. அதையும் யாரும் தொடவில்லை. இப்படியே முப்பது வருஷம், முப்பது டின்.

பிறகு கிளாரியின் இடுப்பெலும்பு தேய்ந்தது. பண்ணை வீட்டின் படிகளை அவனால் ஏற முடியவில்லை. பண்ணையை விற்று, மருத்துவமனைக்கு எதிரே ஒரு ஓரறைக் குடியிருப்பை எடுத்தார்கள். அடுத்த ஜூலை முடிவில் சாவியைக் கொடுத்தாக வேண்டும். புது இடத்தில் இருந்ததோ ஒரே ஒரு அலமாரி.

"டின்னெல்லாம் எங்க வைக்கிறது?" என்றான் கிளாரி. நான் அப்போது அவர்கள் சமையலறையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன்.

"அதுக்கு ஒரு வழி பிறக்காம நான் இந்த வீட்டை விட்டு வரமாட்டேன்."

"எலுமிச்சை மரத்தடியில புதைச்சிடலாம்."

"பிறந்த பிள்ளையைப் புதைக்கச் சொல்றியா?"

"சரி, கோழிக்குப் போடு."

"அந்தக் கோழி முட்டையிடும். அந்த முட்டையை நீ பொரிச்சுத் தின்னுவ. அப்ப யாரைத் தின்ன?"

கிளாரி என்னைப் பார்த்தான். "நெல்டா, நீயாவது சொல்லேன்." நான் பட்டாணியைப் பார்த்தேன்.

அந்த வருஷம்தான் எங்களுக்குப் புதுப் போதகர் வந்திருந்தார். டோங்கா தீவுக்காரர், லிசியாதே என்று பெயர். ஒல்லியான மனிதர். சர்க்கரையைத் தொடக் கூடாது என்று டாக்டர் அவருக்குச் சொல்லியிருந்தார். கிறிஸ்துமஸ் டீயின்போது குடில் முழுவதும் தீர்ந்து, முப்பத்தொன்றாவது பாலன் தட்டில் தனியே கிடந்தார். எங்கள் ஊரில் தட்டின் கடைசித் துண்டை யாரும் எடுப்பதில்லை. பாதியாக வெட்டுவோம், அந்தப் பாதியைப் பாதியாக்குவோம், கத்திக்கு அகப்படாமல் போகும்வரை. அவர் ஊரில் ஒருவர் செய்ததை மீதம் வைத்தால் செய்தவருக்கு அவமானம். நாற்பது பேர் ஒரு பிஸ்கட்டைப் பார்த்தபடி நிற்பதையும், பக்கத்தில் அதைச் சுட்ட கிழவி நிற்பதையும் அவர் பார்த்தார். மனசு பொறுக்காமல் எடுத்து ஒரே வாயில் போட்டுக்கொண்டார்.



"நல்லா இருக்கும்மா" என்றார் போதகர். "கொஞ்சம் இஞ்சி தூக்கல்."

நான்தான் அவரைக் கதவோரம் கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னேன். வாயைக் கையால் மூடிக்கொண்டார். முகம் சாம்பலாகிவிட்டது.

மறுநாள் மெர்ல் வீட்டுக்கு மன்னிப்புக் கேட்கப் போனார். அவர்கள் வழக்கப்படி இடுப்பில் முரட்டுப் பாயைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, அந்த வெயிலில் இரண்டு மைல் நடந்து, சமையலறைத் தரையில் தலைகுனிந்து உட்கார்ந்தார். வெயில் தாங்காமல் விழுந்துவிட்டார் என்று மெர்ல் நினைத்தாள். ஈரத் துண்டை எடுத்து அவர் தலையில் போட்டாள். அந்தத் துண்டோடேயே அவர் மன்னிப்பைச் சொல்லி முடித்தார்.

"பாஸ்டர், வயித்துக்கு ஒண்ணும் பண்ணலையே?" என்றாள் மெர்ல்.

"இல்லம்மா."

"ராத்திரி தூக்கம்?"

"வந்துச்சு."

மெர்ல் உள்ளே போய் ஒரு டின்னைக் கொண்டுவந்து அவர் முன் வைத்தாள். "இன்னும் முப்பது இருக்கு" என்றாள்.

பாலனைத் தின்னும் தகுதியுள்ள ஒரே ஆள் கிடைத்துவிட்டார் என்று அவள் நினைத்தாள். தனக்கு விதிக்கப்பட்ட தண்டனை இது என்று அவர் நினைத்தார். இருவரும் கடைசிவரை இதைப் பேசிக்கொள்ளவில்லை.

வாரத்துக்கு ஒன்று என்று ஏற்பாடு. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கூடத்து மூலையில் மெர்ல், கிளாரி, போதகர். டீ ஊற்ற நான். புதியதிலிருந்து பழையதை நோக்கிப் போனார்கள். சமையலறைக் காலண்டரில் கிளாரி எண்ணிப் பார்த்தான். ஜூலை நாலாவது ஞாயிறு கடைசி டின். சாவி கொடுக்க ஒன்பது நாள் மிச்சம்.

சாப்பிடும் முன் போதகர் கேட்பார், "இது எந்த வருஷம்மா?"

மெர்ல் சொல்வாள். ஒரு பாலன் இடப்பக்கம் சாய்ந்திருந்தார். அந்த வருஷம் அவளுக்கு வலது கை முறிந்து இடது கையால் செய்தது. ஒருவருக்கு முட்டையே இல்லை. மழை பெய்யாமல் கோழிகள் முட்டையிடுவதை நிறுத்திவிட்ட வருஷம். ஒருவருக்கு இஞ்சி இல்லை; மகள் கல்யாண அவசரத்தில் மறந்துபோனது. ஒருவரிடம் ஆட்டுக் கொழுப்பு வாசனை. வெண்ணெய் வாங்க முடியாத வருஷம். இருபது வருஷப் பழசுக்குப் பிறகு ஒவ்வொன்றையும் டீயில் கால் மணி நேரம் ஊறவைக்க வேண்டியிருந்தது.

தொண்ணூற்றொன்றுக்குக் கண்கள் இல்லை. ஏன் என்று மெர்ல் சொல்லவில்லை. போதகரும் கேட்கவில்லை. அதை மட்டும் டீயில் நனைக்காமல், மென்று மென்று, ரொம்ப நேரம் சாப்பிட்டார். கிளாரி எழுந்துபோய் வெளியே நின்றுகொண்டான்.

எண்பத்தொன்பதில் அவருக்குக் முன்பல் ஒன்று போனது. அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் எருசலேம் விசிலடித்தது.

கடைசி ஞாயிறு நெருங்க நெருங்க கிளாரியின் போக்கு மாறியது. டின் ஒழிய வேண்டும் என்று ஆறு மாதம் காலண்டரைக் கிழித்தவன், திடீரென்று, "ஒண்ணே ஒண்ணுதானே, ஞாபகத்துக்கு வெச்சுக்கலாமே" என்றான்.

"உள்ளதே ஒரு அலமாரி."

"பாஸ்டருக்குச் சர்க்கரை வியாதி, பாவம்."

"இருபத்தொன்பதுக்கு வராத பாவம் முப்பதாவதுக்கு வருதா? இது போகாம நான் வண்டியில ஏறமாட்டேன், சொல்லிட்டேன்."

எண்பத்தேழு டின்னைத் திறந்ததும் நாங்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தோம். மற்றதெல்லாம் ஓரம் உதிர்ந்து வந்திருக்க, எல்லாவற்றிலும் மூத்த பாலன் நேற்றுச் செய்தது போல இருந்தார். போதகர் டீயில் போட்டார். கால் மணி ஆயிற்று. அரை மணி ஆயிற்று. டீயின் மேல் எண்ணெய்ப் படலம் மிதந்தது. பாலன் இளகவில்லை.

"நல்லா வைரம் பாஞ்சிருக்கு" என்றார் போதகர். கண்ணை மூடி ஜெபித்தார். மிச்சமிருந்த பற்களின் பக்கமாக அதைக் கொண்டுபோனார்.

கிளாரிக்கு வியர்த்துக்கொட்டியது. ஜூலை மாதம், கூடத்தில் நாங்கள் எல்லாரும் கம்பளிச் சட்டையில் இருந்தோம்.

"கடிக்காதீங்க!" என்று கத்தினான். "அது பிஸ்கட் இல்ல. ஜன்னல் கண்ணாடிக்கு வைக்கிற மக்கு!"

போதகர் வாயைத் திறந்தபடியே நிறுத்தினார்.

"எப்ப?" என்றாள் மெர்ல்.

"எண்பத்தெட்டுல. உங்க அக்கா ஆபரேஷனுக்கு நீ அடிலெய்டு போயிருந்தே. மூணு நாளா வெறும் மத்தி மீன் டின். நாலாவது நாள் வேற ஒண்ணும் இல்ல, மெர்ல். ஜன்னலுக்கு வெச்சது போக மக்கு கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. உருட்டி, மேல டீயைத் தடவி, திராட்சையை வெச்சு…"

"சாப்பிட்டியா?"

"டீயோட."

"எப்படி இருந்துச்சு?"

கிளாரி போதகரைப் பார்த்தான். போதகர் தரையைப் பார்த்தார்.

"கொஞ்சம் இஞ்சி தூக்கல்."

மெர்ல் போதகரின் கையிலிருந்து அதை வாங்கினாள். துடைத்தாள். மேசை விளிம்பில் தட்டினாள். டொக் என்றது. திருப்பிப் போட்டு ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். இனி வீடு மாறுவது நடக்காது என்றே நான் நினைத்தேன். கிளாரியும் அப்படித்தான் நினைத்திருப்பான், நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான்.

"ஒரு இடத்துலகூட உதிரலையே" என்றாள்.

"மக்கு எப்படி உதிரும்?"

"அப்ப அன்னிக்கே சொல்லியிருக்கணும்ல? வருஷா வருஷம் இதையே குடில் முன்னணையில வெச்சிருப்பேனே! ஒரு பாலனுக்கு அரை முட்டை. முப்பது வருஷம். பதினஞ்சு முட்டை, கிளாரி! பதினஞ்சு முட்டையை வீணாக்கிட்டியே, பாவி!"

புதன்கிழமை வரை அவனோடு பேசவில்லை. வியாழக்கிழமை சாமான் கட்டத் தொடங்கினாள். மக்குப் பாலனைக் கைக்குட்டையில் சுற்றித் தன் கைப்பையிலேயே வைத்துக்கொண்டாள். பிஸ்கட் இல்லை என்றானதால் அதைத் தின்ன வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. டின்னும் தேவையில்லை.

சனிக்கிழமை வண்டி வந்தது. உதவிக்கு நான் போயிருந்தேன். மெர்ல் முப்பது டின்னையும் வரிசையாக வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"இதெல்லாம் காலி டின்னு, மெர்ல்" என்றான் கிளாரி. அழுகிற குரல்.

"காலியானா என்ன? டின் நல்லாத்தானே இருக்கு!"

அந்த டிசம்பரில் மக்குப் பாலன் முன்னணையில் படுத்தார். சுற்றியிருந்தவர்களைத் தின்று முடித்தோம். போதகர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு டீ முடியும்வரை கதவோரமே நின்றார்.

அதற்கு அடுத்த வாரம் அவர்கள் குடியிருப்புக்குப் போயிருந்தேன். அலமாரி நிறைய டின். கிளாரி பனியனோடு நின்றிருந்தான்.

"என் பழுப்புச் சட்டை எங்க?" என்றான்.

"தொண்ணூத்தி நாலுல பாரு" என்றாள் மெர்ல், முட்டை அட்டையை வெட்டிக்கொண்டே. "காலுறை ரெண்டாயிரத்துல இருக்கு."