உள்ளிழுத்த ஓம்

நான் இப்போது வாழும் நோர்வேயின் சிறிய துறைமுக நகரில், ஒன்றை ஆமோதிப்பவர்கள் சிலவேளை மூச்சை உள்ளே இழுத்தபடி ‘யா’ என்கிறார்கள். சொல்லின் பெரும்பகுதி நெஞ்சுக்குள் போய்விடும். வெளியே கேட்பது சிறு திடுக்கிடல் மட்டுமே. வந்த புதிதில், பேக்கரியில் பாண் இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரப் பெண் அப்படி மூச்சிழுத்தாள். எனக்குப் பின்னால் ஏதோ விழுந்துவிட்டதென்று எண்ணித் திரும்பிப் பார்த்தேன். எதுவும் விழவில்லை. பாண் இருந்தது.

கடல்நீரைப் பரிசோதிக்கும் ஆய்வுகூடம் ஒன்றில் எனக்குத் தற்காலிக வேலை கிடைத்திருந்தது. அதை நிரந்தரமாக்குவதா என்பதை நிருவாகக் குழு தீர்மானிக்கும். அதற்கு முன் என் பரிசோதனை முடிவுகளை நானே அவர்கள் முன்னிலையில் விளக்கிப் பேச வேண்டும். ஒத்திகையின்போது என் மேலாளர் இங்ரிட் மட்டும் எதிரே கதிரையில் அமர்ந்திருந்தார். “துறைமுக வாயிலில் நீர் சுத்தமாக இருக்கிறது” என்று அவர்களுடைய மொழியில் சொல்லி நிறுத்தினேன். “ஒக்சிசனும் போதிய அளவில் உண்டு” என்றேன். மூன்றாவது வசனத்தின் பின் இங்ரிட் தலையைச் சரித்து, “ஓம் வா?” என்றார். பதற்றத்தில் என் காது அதை ‘ஆம், வா’ என்று எங்கள் ஊர்த் தமிழாகவே கேட்டது. கூப்பிடுகிறார் என்று நினைத்து, அருகே போய் நின்றேன். அவர் கதிரையை மெல்லப் பின்னுக்குத் தள்ளினார்.

அவர்களுடைய மொழியில் ‘வா’ என்றால் ‘என்ன’. ‘ஓம்’ போல ஒலிக்கும் சொல்லோ, ‘இப்படியானால்’ என்று நிபந்தனை வைக்கும் சொல். “ஒவ்வொரு வசனத்தையும் முடித்துவிட்டு அந்தச் சொல்லைச் சொல்கிறீர்கள். நீர் சுத்தம், ஆனால் எப்படியானால்? உங்கள் முடிவுகளில் உங்களுக்கே நம்பிக்கை இல்லாததுபோல் கேட்கிறது. குழு அப்படித்தான் எடுத்துக்கொள்ளும்” என்றார் இங்ரிட். அவர் சொல்லும்வரை, நான் ஓம் சொன்னதே எனக்குத் தெரியாது.

திருகோணமலையில் கடற்றொழில் அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்த நாட்களில், நானும் என்னுடன் வேலை செய்த பர்ஸானாவும் பாலத்தைக் கடந்து கிண்ணியாவுக்குப் போய், கடல்நீரைப் பற்றி மீனவர்களுக்கு விளக்கம் சொல்வோம். பர்ஸானாவின் ஊர் அதுதான். என் முதலாவது பேச்சை அவளுடைய வீட்டுக் குசினியில் நின்றுதான் பேசிப் பார்த்தேன். அவளுடைய உம்மா சூடை மீன் துப்புரவாக்கியபடி, ஒவ்வொரு வசனத்தின் முடிவிலும் “ஓம் மகள்” என்றார்.

“உம்மா, விளங்குதோ?”

“விளங்கல்ல மகள். ஆனா நீங்க நிப்பாட்டுற இடம் தெரியுது. சொல்லுங்க.”

“நீ பெருமைப்படாத புள்ள. உம்மா பூனைக்கும் ஓம் சொல்லுவா” என்றாள் பர்ஸானா.

மீனவர்கள் கூடியிருந்த மண்டபத்திலும் அப்படித்தான் நடந்தது. நான் ஒரு வசனம் சொல்ல, முன்வரிசை ஓம் என்றது. அந்த ஓமில் ஏறி அடுத்த வசனத்துக்குப் போனேன். “மிஸ், உங்கட கதையக் கேட்டா மீன் தானா வந்து வள்ளத்தில ஏறிடும் போல” என்று ஒருவர் கேலி செய்தபோதுகூட, சுற்றியிருந்தவர்கள் ஓம் என்றே சிரித்தார்கள். எங்கள் ஊரில் பேச்சைப் பேசுபவர் மட்டும் பேசி முடிப்பதில்லை. இங்கோ, கேட்பவர்கள் மரியாதையாக மௌனம் காக்கிறார்கள். அந்த மௌனத்தில், வராதுபோன ஓமை நானே சொல்லியிருக்கிறேன்.

பழக்கத்தை விடுவதற்காகப் பர்ஸானாவைத் தொலைபேசியில் அழைத்தேன். “நான் பேசி முடியுமட்டும் நீ ஓம் சொல்லக்கூடாது.”

“அப்ப மையத்து மாதிரி மூச்சுப் பேச்சில்லாமக் கிடக்கச் சொல்றியா?” என்றாள். ஆனாலும் இரண்டு வசனம்வரை பொறுத்தாள். பின்னால், நோயில் படுத்திருந்த உம்மாவின் குரல் கேட்டது: “ஆரு போன்ல? புள்ள கதைக்குதெல்லா, ஓம் சொல்லேன்டி!”

“பாத்தியா, எனக்கு ஏச்சு விழுது” என்றாள் பர்ஸானா. ஒத்திகை அத்துடன் முடிந்தது. பிறகு தனியாகப் பழகினேன். வசனத்தின் முடிவில் உதடுகளை மூடினேன். மூச்சை மட்டும் எடுத்துக்கொண்டு அடுத்த வசனத்துக்குப் போனேன்.

குழுவின் முன் நின்றபோது ஓம் வரவில்லை. அச்சமும் வரவில்லை, வேறெதுவும் வந்ததாக நினைவில்லை. துறைமுக வாயிலில் நீர் சுத்தமாக இருக்கிறது என்று சொல்லி வாயை மூடினேன். முன்வரிசையில் ஒரு முதியவர் மூச்சை உள்ளே இழுத்தார். அதன்மீது ஏறி அடுத்த வசனத்துக்குப் போனேன். வேலை நிரந்தரம் என்று பின்னர் இங்ரிட் சொன்னபோது, என்னையறியாமல் நானும் அப்படியே மூச்சிழுத்தேன். “இனி நீங்கள் எங்கள் ஊர்ப் பெண்” என்று அவர் சிரித்தார். நானும் சிரித்திருக்க வேண்டும். ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்தில் மழை பெய்துகொண்டிருந்தது.

அந்தச் செய்தியை நான் ஊருக்குச் சொல்லும் முன்பே பர்ஸானா அழைத்தாள்.

“உம்மா மௌத்தாகிட்டா புள்ள. தேத்தண்ணி கேட்டா. ஊத்திக்கொண்டு வாறதுக்குள்ள போய்ட்டா.”

ஓம் என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். மூச்சு உள்ளே போனது.

“அழாத புள்ள” என்றாள் பர்ஸானா.

நான் அழவில்லை. இங்கே ஓம் என்பதை இப்படியும் சொல்வார்கள் என்று அவளுக்கு விளக்கியிருக்கலாம். விளக்கிப் பேசியதற்காகத்தான் இந்த ஊர் எனக்கு வேலை தந்திருக்கிறது. ஆனால் அவள் சொல்லிக்கொண்டே போனாள்: யார் யார் வந்தார்கள், எங்கே அடக்கினார்கள், உம்மா கடைசியாக என்னை எப்படி விசாரித்தார். அவள் நிறுத்திய ஒவ்வோர் இடமும் எனக்குத் தெரிந்தது. ஒவ்வோர் இடத்திலும் மூச்சை உள்ளே இழுத்தேன். ஒவ்வொரு முறையும் அவள், “அழாத புள்ள, அழாத” என்றாள்.