தகட்டின் மறுபக்கம்

மகளுக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வந்துகொண்டிருந்த நேரம். அண்ணனூரில் எங்கள் ஃப்ளாட் வாசலில் ஒட்டடை அடித்தபோது, நிலைக்கு மேலிருந்து உள்ளங்கை அளவு செப்புத் தகடு ஒன்று விழுந்தது. கட்டங்கள், சூலம், நடுவில் எந்த மொழி என்றே தெரியாத எழுத்துகள். செய்வினைதான் என்று முடிவுகட்டிவிட்டேன். செல்போனில் படம் எடுத்துத் தேடினால், வந்து விழுந்ததெல்லாம் மாந்திரீகப் படங்கள். ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை.

எதிர்வீட்டு செல்வி அக்காமேல்தான் சந்தேகம். செருப்பு ஸ்டாண்டை எங்கே வைப்பது என்று அந்த வாரம்தான் அவரோடு சண்டை. கதவைத் தட்டி, "என் குழந்தைக்குச் செய்வினையா வைக்கறீங்க?" என்று கத்தினேன்.

அவர் தகட்டைப் பார்த்தார். "இன்னா கண்ணு, பின்பக்கத்தப் பாத்துகினு கீறே? திருப்பு."

திருப்பினேன். ஆணியால் கீறிய எழுத்துகள் பின்னால் புடைத்து, இடம் வலம் மாறித் தெரிந்திருக்கின்றன. இந்தப் பக்கம் நல்ல தமிழ்: 'யாயினி நோய் தீர்க.'

"கொயந்தைக்கு ஒடம்பு கொதிக்குதேன்னு கோயில்ல எய்தி வாங்கியாந்தேன். சண்ட போட்டுட்டு எப்டிக் குடுக்கறது? அதான் மேல சொருவிட்டேன்."

என் மகள் பெயர் யாழினி. யாயினி என்று கூப்பிடுகிறவர் செல்வி அக்கா ஒருவர்தான். அதைக் கேட்டு எத்தனையோ முறை உள்ளுக்குள் சிரித்திருக்கிறேன்.

இப்போது தகடு நிலையில், எழுத்து வெளியே தெரியும்படி இருக்கிறது. வருகிறவர்கள் எழுத்துப்பிழை என்கிறார்கள். இல்லை என்கிறேன்.