ஆளுக்கு இருநூறு

முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே வேதவல்லி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுகிறார். கல்யாணம் நடப்பது மெட்டுகுடா மண்டபத்தில். இவர் இருப்பது சைனிக்புரியில், தன் வீட்டு முன்னறையில். அவருக்கு ஒத்தாசைக்குப் போகும் நான், யார் பார்க்கப் போகிறார்கள் என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். "கல்யாணத்துக்கு யாராவது நைட்டியில போவாளா?" என்று ஒரு முறை முறைத்தார்.

வர முடியாத உறவுக்காரர்களுக்கு இன்டர்நெட்டில் கல்யாணத்தை நேரடியாகக் காட்டுவதுதான் மூன்று வருடங்களாக அவருக்குத் தொழில். மண்டபத்துப் படம் அவருடைய வாடகை சர்வருக்கு வந்து, அங்கிருந்து எல்லாருக்கும் போகிறது. ஆளுக்கு நொடிக்கு இருநூறு கிலோபிட் டேட்டா என்று கட்டுப்படுத்தி வைத்திருக்கிறார். அப்படியானால்தான் அந்த சர்வரில் நாற்பது பேர் பார்க்கலாம். அதற்கும் கீழே குறைத்தால் படம் நின்றுவிடும். மௌஸுக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம் அட்சதை. தாலி கட்டும்போது திரை மேல் போடுவார். கீபோர்டு இடுக்கெல்லாம் மஞ்சள் அரிசிதான்.

அன்று ஸ்மிதாவின் கல்யாணம். பெண்ணின் பெரியப்பா ராமசுவாமி நியூஜெர்சியிலிருந்து கூப்பிட்டார். வேதவல்லி எப்போதும் போனை ஸ்பீக்கரில் போட்டே பேசுவார்.

"அம்பது இஞ்ச் டிவிம்மா. மூஞ்சியெல்லாம் கட்டம் கட்டமாத் தெரியறது. எனக்கு மட்டும் கொஞ்சம் கூட்டி விடேன்."

"நக்கோ மாமா, வேண்டாம். உங்களுக்குக் கூட்டினா நாலு பேருக்கு நின்னுடும். தாலி கட்டறச்சே நிக்கலாமோ?"

பெரியப்பா இன்னும் என்னவோ சொன்னார். "கைக்கு மாமா, எதுக்கு இதெல்லாம்? எல்லாருக்கும் ஒரே கல்யாணம்தானே?" என்று வேதவல்லி போனை வைத்துவிட்டார். எனக்கே பெரியப்பாவை நினைத்தால் பாவமாக இருந்தது.

கெட்டிமேளத்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது மறுபடி போன். மஸ்கட்டிலிருந்து ஜகதீசன், பெண்ணின் அண்ணன். லீவு கிடைக்காமல், ஷிஃப்ட் முடிந்து அப்போதுதான் அறைக்கு ஓடி வந்திருக்கிறான்.

"மாமி, இடமில்லைன்னு வரது. ஒரே தங்கை மாமி..."

நாற்பது இடமும் நிறைந்திருந்தது. யாரை வெளியே அனுப்புவது? வேதவல்லி பெயர்ப் பட்டியலை நிதானமாக மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வந்தார். அதில் ஒரு பெயர் அவருடையதே. படம் ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்கத் திறந்து வைத்திருப்பது. அதை மூடினார். மணமேடை மறைந்து வெறும் திரை தெரிந்தது.

"இப்போ பாருப்பா."

"வரது மாமி! வந்துடுத்து! ஸ்மிதா தெரியறா!"

அவன் அறையில் ஒலித்த கெட்டிமேளம் போன் வழியாக எங்களுக்கும் கேட்டது. வேதவல்லி எழுந்து நின்றார். தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டு, கிண்ணத்திலிருந்து ஒரு பிடி அட்சதை எடுத்து, போனின் மேல் போட்டார்.