நெற்றியில் வைத்த கிரேக்கக் காசு

பென்னாகரத்தில் என் தாய்வீட்டு வாசலில் பஸ் நிற்கும் வழக்கமில்லை. அன்று நின்றது. கண்டக்டர் இறங்காமலே கத்தினார்: "அம்மா, உங்க மாமனாரு காலையில போயிட்டாருங்க!" கைக்குழந்தையான மகளுடன் புறப்பட்டேன். காரிமங்கலம் போய்ச் சேரும்வரை எனக்கு அழுகை வரவில்லை.

இதைப் படிக்கும் உங்களில் பலரும் கல்லூரியில் அவரிடம் சரித்திரம் படித்தவர்கள். தம்மிடமிருந்த கிரேக்க வெள்ளிக்காசுகளை மேசைமேல் பரப்பி, நகர முத்திரைகளாக ஏதென்ஸுக்கு ஆந்தை, ஈஜினாவுக்கு ஆமை, கொரிந்துக்குச் சிறகு முளைத்த குதிரை என்று அவர் விளக்கியது உங்களுக்கு மறந்திருக்காது. வீட்டில் அவைதான் எங்களுக்குப் பெயர்கள். மெதுவாகப் பேசும் அவர் மகன் ஆமை. பி.ஏ. படித்த மருமகள் நான் ஆந்தை. "கண்ணு மட்டும் பெருசு. ஏதென்ஸ் ஆந்தைக்குப் பக்கத்துல ஆலிவ் கொப்பு இருக்கும். இதுக்குப் பக்கத்துல ஆமைதான் இருக்குது," என்பார். வந்தவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன்.

என் மூத்த பையனுக்கு ஜன்னி கண்டபோது, அத்தை மாமாவின் பெட்டியிலிருந்து அலெக்சாண்டர் காலத்துக் காசு ஒன்றை எடுத்தார். அதில் கோலூன்றி உட்கார்ந்திருப்பவர் கிரேக்கக் கடவுள் சீயூஸ். "பாரு கண்ணு, நம்ம முனியப்பனாட்டமே ஒக்காந்திருக்காரு. இவரு பாத்துக்குவாரு," என்றார். தட்டாரிடம் ஓட்டை போட்டு வாங்கி, பையன் இடுப்பில் கட்டினார்.

மாமா பார்த்தார். கத்தவில்லை. இழுப்பு வந்து துடித்துக்கொண்டிருந்த குழந்தையின் இடுப்புக் கயிற்றைக் கத்திரிக்கோலால் வெட்டினார்.

"முனியப்பனாடி இவன்? பெத்த புள்ளைங்களயே முழுங்கினவனோட மவன். ரெண்டாயிரம் வருசமா முழுசா இருந்த காசு. உங்க பையன் பொழுது சாயறவரைக்கும் இருப்பானா?"

"காச்சல் எறங்கறவரைக்குமாச்சும் கெடக்கட்டுங்க," என்று அத்தை அவர் காலைப் பிடித்தார். அவர் கொடுக்கவில்லை.

காசு ஜன்னியை நிறுத்தாது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் கட்டியிருந்த பிள்ளையிடமிருந்து அறுத்தார். மறுநாள் பையன் போய்விட்டான். குழியை மூடிவிட்டு வந்தவர் குளித்த ஈரத்தோடு உட்கார்ந்து காசின் ஓட்டையைத் தடவிக்கொண்டிருந்தார். "இனிமே இது வெறும் வெள்ளித்துண்டு," என்றார்.

இப்போது மாமாவைக் குளிப்பாட்டிக் கிடத்தியதும், நெற்றியில் வைக்க யாரோ ராஜா தலை போட்ட ரூபாயை நீட்டினார்கள். அத்தை அதை விலக்கிவிட்டு, அந்த ஓட்டைக் காசைக் கொண்டுவந்து சந்தனத்தில் அழுத்தினார்.

"அம்மா, அது பழங்காசும்மா," என்றார் என் கணவர்.

"வெள்ளித்துண்டுன்னு உங்கப்பாதான் சொன்னாரு. கொண்டுக்கிட்டுப் போவட்டும்."

நெற்றிக்காசு வெட்டியானுக்கு உரியது. அந்த வெட்டியானின் மகளுக்கு அது இப்போது மெட்டியாகிவிட்டது. அதைக் கேட்டு யாரும் எழுத வேண்டாம்.

மற்ற காசுகளை அவர் மாணவர்களே எடுத்துக்கொள்ளுங்கள். நான் அவருடைய பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டேன். என் மகளின் உடம்பில் ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தாலும் அந்தக் கண்ணாடியை எடுத்துவிடுகிறேன். கொசுக்கடியா அம்மையா என்று தெரியும்வரை கண்ணை எடுப்பதில்லை.