ஜெமீல் சேரும் முன்சில்லுச் சத்தமும்

அதிகாலைச் சுபஹுத் தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்து, தேத்தண்ணிக்காக அடுப்பில் தண்ணீர் வைத்திருந்தேன். பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்துவிட்டு மரண அறிவித்தலைத் தொடங்கியது. இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இன்னின்னாரின் வாப்பா, மச்சான், சாச்சா என்று உறவுமுறைகள் வரிசையாக வந்து, கடைசியில் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் என்று சொன்ன பிறகுதான் அது ஜெமீல் சேர் என்று விளங்கியது. நித்திரையிலேயே மௌத்தாகியிருக்கிறார். இரண்டாம் முறை வாசித்தபோதும் முழுவதையும் கேட்டேன். கூட்டாளி என்ற உறவு அதில் இல்லை. எந்த அறிவித்தலிலும் இருப்பதில்லைதான். அன்றைக்கு அது எனக்குப் பெரிய குறையாகப் பட்டது.

அவரிடம் படித்தவர்களும் அவரோடு படிப்பித்தவர்களும் இதை வாசிப்பீர்கள். ஆய்வுகூடத்தில் அவர் போட்ட அதட்டல் உங்களுக்கு நினைவிருக்கும். அதே பாடசாலையில் வரலாறு படிப்பித்த எனக்கு, ஓய்வுபெற்ற பிறகு கிடைத்த ஜெமீல் சேர் வேறொருவர். அவர் என் காரின் இடதுபக்க முன்சீற்றில் இருந்தவர்.

அது என் மனைவி உயிரோடு இருந்த காலத்தில் வாங்கிய ஹைபிரிட் கார். ஜப்பானில் யாரோ ஓட்டிக் களைத்த பிறகுதான் எங்களிடம் வந்தது. அவள் போன பின் அதை வெளியில் எடுக்க எனக்கு மனம் வரவில்லை. தனியாகப் போக எனக்கு இடமுமில்லை. கடையும் பள்ளிவாசலும் நடக்கும் தூரம். கட்டாரில் இருக்கும் மகன், "வித்துப் போடுங்க வாப்பா" என்றான். அந்த நேரத்தில்தான் ஜெமீல் சேர் ஒருநாள் போர்டிக்கோவில் நின்று காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஓடாம வெச்சா பெரிய பற்றரி செத்துரும் சேர். நாளைக்கு அஸருக்குப் பொறகு நான் வாறன், பாலமுனை மட்டும் போய்ட்டு வருவம்" என்றார். பற்றரிக்காக மட்டும் அவர் அப்படிச் சொல்லவில்லை என்று எனக்கு அப்போதே தெரியும். ஒன்றும் தெரியாதவன் போல ஓம் என்றேன்.

அப்படித்தான் எங்கள் மாலைப் பயணம் ஆரம்பித்தது. சாய்ந்தமருதிலிருந்து கடலோரப் பாதையில் தெற்கே போய், பாலமுனையில் பால் விடாத ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டுத் திரும்புவோம். ஏறிய உடனே ஏசியை நிறுத்துவார், ரேடியோவை நிறுத்துவார், கண்ணாடிகளை இறக்குவார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒரு கையைத் தூக்கி வைத்துக்கொள்வார். அந்தக் கை தூக்கியிருக்கும்வரை நான் வாய் திறக்கக் கூடாது. "எஞ்சின் ஓடினா எல்லாக் குறையையும் மறைச்சிரும். பற்றரியில போகக்குள்ளதான் கார் உண்மை கதைக்கும்" என்பார். "ஆளில்லாத வீட்டுலதானே சேர் எலி ஓடுறது கேக்கும்." ஆளில்லாத வீட்டிலிருந்து வந்தவனிடம் இதைச் சொல்கிறோம் என்று அவருக்குப் பிறகுதான் உறைத்தது. அன்று பிளேன்ரீயோடு எனக்கு ஒரு வடையும் வாங்கித் தந்தார்.

அவருடைய தீர்ப்புகள் எல்லாம் சரியாக இருந்தன என்று சொன்னால் அவரே கபுறிலிருந்து சிரிப்பார். ஒருமுறை காரின் முன்பக்கத்தில் ஏதோ உருளும் சத்தம். பெயாரிங் போய்விட்டது, சில்லுக் கழன்று ஓடப்போகிறது என்று என்னைப் பயமுறுத்தி, காரை நடைவேகத்தில் வீடு கொண்டுவரச் செய்தார். பொனட்டைத் திறந்தால், முன்கண்ணாடிக்குக் கீழேயுள்ள தட்டில் அணில் கொண்டுவந்து போட்ட மாங்கொட்டை. நான் அதை அவர் கையில் வைத்தேன். முகம் கொஞ்சமும் மாறவில்லை. "நான் கேட்டதில பிழையில்ல சேர். சத்தம் இருந்ததுதானே" என்றார்.

அதற்குப் பிறகு வந்ததுதான் அந்த 'டொக்'. முன்பக்கம், இடதுபுறம், பள்ளத்தில் ஏறி இறங்கும்போது ஒரேயொரு தட்டு. நற்பிட்டிமுனையில் ரவியின் கராஜுக்குக் கொண்டுபோனோம். ரவிக்குக் கை ஓயும் நேரம் எங்களுக்கு அஸர் நேரம். சாவியைக் கொடுத்துவிட்டு இருவரும் பக்கத்துப் பள்ளிக்குப் போய்விடுவோம். தொழுதுவிட்டு வந்தால் ரவி கையைத் துடைத்துக்கொண்டு நிற்பான். "ஓடிப் பாத்தன் சேர், தூக்கியும் பாத்தன். ஒண்டும் கேக்குதில்ல." நாங்கள் ஏறிப் புறப்பட்டு அடுத்த பள்ளத்தில் இறங்கும்போது, டொக். ஜெமீல் சேர் என்னைப் பார்ப்பார். திரும்பத் திரும்ப இதே கதை. கடைசியில் ரவி எங்கள் காதுகளைச் சந்தேகிக்கத் தொடங்கினான். ஜெமீல் சேருக்கு ரோசம் வந்துவிட்டது. "இவனுக்கு முன்னால கார் நடிக்குது சேர்" என்றார். நான் அதிர்வு தாங்கும் சொக் அப்சோபர் என்றேன், அவர் ஸ்டியரிங் என்றார். அந்த வழக்கு முடிவதற்குள் அவர் போய்விட்டார்.

ஜனாஸா அடக்கிய அன்று வாசலில் நின்றவர்கள் பிள்ளைகளின் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார்கள். நானும் வரிசையில் நின்று சொன்னேன். என் கையை யாரும் பிடிக்கவில்லை. பிடிக்க வேண்டும் என்று யாருக்குத் தெரியும்? அவருடைய மனைவி இத்தாவில், வெளி ஆண்களைக் காணாத துக்க காலத்தில், இருப்பதால் அந்த வீட்டில் போய் இருந்து பழங்கதை கதைக்கவும் வழியில்லை. அஸருக்குப் பிறகு அந்தத் தெருவால் நடந்துபோய்த் திரும்பி வருவேன்.

கொஞ்சக் காலம் கழித்து, பற்றரியை நினைத்துக் காரை எடுத்தேன். கண்ணாடிகளை இறக்கி, எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, பாலமுனை வரைக்கும் போனேன். சத்தம் வரவில்லை. வேண்டுமென்றே பள்ளங்களில் இறக்கினேன், அப்போதும் வரவில்லை. சந்தோஷப்பட வேண்டிய விடயம். நானோ பிளேன்ரீ குடிக்காமலே திருப்பி, நேரே ரவியிடம் போனேன்.

"சத்தம் நிண்டுட்டு" என்றேன்.

ரவி குனிந்து முன்சில்லைப் பார்த்தான். "முந்தி சத்தம் வரக்குள்ள முன்சீற்றில ஆரும் இருந்தவங்களா சேர்?"

"ஜெமீல் சேர்தான். எப்பவும் அவர்தான்."

ரவி இடதுபக்கக் கதவைத் திறந்து ஏறி இருந்தான். "இப்ப ஓட்டுங்க சேர்." வாய்க்கால் மதகைத் தாண்டும்போது, டொக். காரை நிறுத்தினேன், ரவி இறங்கிப் பொனட்டைத் திறந்து பார்த்தான். இடதுபக்கச் சொக் அப்சோபரின் மேல்றப்பர் பிளந்திருந்ததாம். அந்தப் பக்கம் ஒரு ஆளின் பாரம் விழுந்தால் மட்டும்தான் தட்டுமாம். "நீங்க ரெண்டு பேரும் பள்ளிக்குப் போனதும் நான் தனியத்தானே ஓடிப் பாத்த. மறுகா எப்பிடிக் கேக்கும்?" என்றான். வழக்கில் எனக்குத்தான் வெற்றி. இதைப் போய்ச் சொல்லி அவரைச் சீண்ட ஆளில்லையே என்று அந்த இடத்திலேயே அழுகை வந்தது. ரவி வேறு பக்கம் பார்த்தான்.

பிறகு, மெதுவாக, நல்லெண்ணத்தில்தான் கேட்டான். "தனிய ஓடுறண்டா இப்ப மாத்தத் தேவையில்ல சேர். ஆரையும் ஏத்தினாத்தான் கரைச்சல். என்ன செய்வம்?"

அவன் கேட்டது றப்பரைப் பற்றி. இனித் தனியாகத்தான் என்று என் வாயால் சொல்லிவிட்டால் அது அப்படியே ஆகிவிடும் போலிருந்தது. ஆள் ஏறாததால் சத்தம் நின்றதை, குறை தீர்ந்துவிட்டது என்று ஒப்புக்கொள்ள ஜெமீல் சேர் விடமாட்டார். "மாத்துங்க" என்றேன்.

மாற்றியாயிற்று. என்னிடம் அவரால் மிஞ்சியிருப்பதைக் கேட்டால், பக்கத்தில் ஒரு ஆள் இருப்பதன் பாரம் என்பேன். அதைத் தாங்கும்படி காரைத் திருத்தி வைத்திருக்கிறேன். அஸருக்குப் பிறகு இடதுபக்கக் கதவைப் பூட்டாமல் கொஞ்ச நேரம் வாசலில் நிறுத்தி வைக்கிறேன். இன்னும் யாரும் ஏறவில்லை.