தலை பார்க்கிறவள்

எங்கள் தெருவில் அவளுக்குப் பெயரே பார்லர்காரிதான். என் தம்பியின் மனைவி. நாத்தனார் வாயிலிருந்து வருவதில் பாதியைக் கழித்துவிட்டுத்தான் கேட்க வேண்டும் என்று நீங்கள் நினைத்தால் தாராளமாகக் கழித்துக்கொள்ளுங்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், மறுக்கவில்லை. ஆனால் அவள் விஷயத்தில் ஒரு பொய் சொல்ல என் நாக்கு கூசும்.

தம்பி வெளியூரில் கிரேன் ஓட்டுகிறான். விருந்தாளி மாதிரி வருவான், விருந்தாளி மாதிரி போவான். வீட்டில் இருப்பது நான், அவள், அவளுடைய மகள். மகளை நாங்கள் சுண்டு என்று கூப்பிடுவோம். பிறந்தபோது சுண்டெலி அளவுக்குத்தான் இருந்தாள். மூன்றாம் வகுப்புக்குப் போன பிறகும் அந்தப் பெயர் அவளை விடவில்லை. நான் முன்னறையில் தையல் மிஷினோடு கிடப்பேன். அவர்கள் இருவருக்கும் உள்ளறையில் ஒரே கட்டில், ஒரே தலையணை. அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அவள் கூந்தலுக்குள் முகத்தைப் புதைத்தால்தான் சுண்டுவுக்குத் தூக்கம் வரும். "மூச்சு முட்டப் போகுதுடி" என்று நான் கத்துவேன். யார் கேட்டார்கள்?

அவள் பார்லரில் சேர்ந்தது வெட்டிப் போட்ட முடியைக் கூட்டி அள்ளுவதற்கு. பார்த்துப் பார்த்தே எல்லாவற்றையும் கற்றுக்கொண்டாள். இரண்டு வருஷத்தில் முடி வேலை முழுக்க அவள் கைக்கு வந்துவிட்டது. தொட்டியில் தலையைச் சாய்த்து அவள் கழுவிவிட ஆரம்பித்தால் வாடிக்கையாளர்கள் வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிடுவார்களாம். இடுப்பைத் தாண்டித் தொங்கும் அவளுடைய கூந்தலைக் காட்டித்தான் கடைக்கார மேடம் ஷாம்பூவே விற்றாள். "எங்க பொண்ணு இதைத்தான் போடறா" என்பாளாம். இவள் வீட்டில் போட்டது என்ன சோப்பு என்று எனக்கல்லவா தெரியும்!

அந்தப் பார்லரில் ஒரு வழக்கம் உண்டு. எப்போதோ ஒரு வாடிக்கையாளர், இங்கே வந்துதான் எனக்குப் பேன் தொற்றியது என்று வாசலில் நின்று ரகளை செய்துவிட்டாள். அன்றிலிருந்து திங்கட்கிழமைதோறும் கடை திறப்பதற்கு முன்னால் வேலைக்காரப் பெண்கள் எல்லோரும் தோளில் வெள்ளைத் துண்டோடு வரிசையாக உட்கார வேண்டும். ஒவ்வொரு தலையாகப் பிரித்து, பேன் சீப்பு போட்டு இழுத்துப் பார்ப்பது இவள் பொறுப்பு. கண்ணென்றால் இவள் கண்தான் என்று மேடத்துக்குப் பெருமை. இவள் தலையை யார் பார்ப்பது என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

போன வருஷம் ஒரு சின்னப் பெண்ணின் காதுக்குப் பின்னால் ஈர் இருப்பதைப் பார்த்து மேடத்திடம் சொன்னாள். மத்தியானத்துக்குள் அந்தப் பெண்ணை அனுப்பிவிட்டார்கள். இவள் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். "நான் என்ன அண்ணி செய்யறது? மறைச்சா என் வேலை போயிடும்" என்றாள். நான் சோற்றுத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன். ஆறுதல் சொல்லி என்ன ஆகப் போகிறது?

இந்த வருஷம் பள்ளிக்கூடம் திறந்து கொஞ்ச நாளில் சுண்டு தலையைச் சொறிய ஆரம்பித்தாள். பார்த்தால், பேன். பிள்ளைகள் தலையோடு தலை முட்டி விளையாடுகிறவர்கள், வரத்தான் செய்யும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் டீச்சர் அவளைக் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வைத்துவிட்டாள். மறுநாளே பையன்கள் 'பேன் பண்ணை' என்று பட்டம் கட்டிவிட்டார்கள்.

என் தம்பி மனைவியைக் குறை சொல்ல முடியாது. மெடிக்கலில் மருந்து வாங்கி வந்து போட்டாள். சாயங்காலமானால் போதும், பின்கட்டில் பல்பு வெளிச்சத்தில் மகளை உட்கார வைத்து, முடியை நனைத்து, கண்டிஷனர் தடவி, கொத்துக் கொத்தாகப் பிரித்து வேரிலிருந்து நுனி வரை சீப்பை இழுப்பாள். ஒவ்வொரு இழுப்புக்கும் வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்ப்பாள். சீப்புக்கு வராத ஈரை நகத்தால் உருவுவாள். சுண்டு கழுத்து வலிக்கிறது என்று அழுவாள். தலை சுத்தமாகும். பிறகு மறுபடியும் வரும். மருந்து, சீப்பு, சுத்தம், மறுபடியும். எனக்கே தலை சுற்றியது.

ஒரு நாள் அவள் பாத்திரம் துலக்கும்போது ஹேர்பின்னின் முனையைக் கொண்டைக்குள் விட்டுக் குடைவதைப் பார்த்தேன். பார்த்த பிறகு எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"உன் தலையையும் கொஞ்சம் காட்டு. பார்த்துடறேன்."

"என் தலைக்கு என்ன?"

"அவளோட ஒரே தலையணையில படுக்கறியே, அதான்."

"ஊர் தலையெல்லாம் பார்க்கறவ நான். என் தலையை நான் பார்த்துக்க மாட்டேனா?" என்று சுள்ளென்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். பிறகு கொஞ்ச நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கும் ரோஷம் இருக்கிறது, நானும் பேசவில்லை.

அப்புறம் மகளின் முடியை ஒட்ட வெட்டினாள். அவ்வளவு அழகாக வெட்டத் தெரிந்தவள், அன்றைக்குப் பார்க்காமலே கத்தரியை ஓட்டினாள். சுண்டு கண்ணாடியில் பார்த்துவிட்டு, "நான் பையன் மாதிரி இருக்கேன்ல அத்தை?" என்று சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. சில வாரம் தொல்லை இல்லாமல் இருந்தது. முடி காதளவு வளர்ந்தது. கூடவே அதுவும் வந்தது.

டீச்சர் பள்ளிக்கூட வாசலிலேயே எங்களை நிறுத்தினாள். "இதான் கடைசி. திங்கட்கிழமை பார்ப்பேன். இருந்துச்சுன்னா உள்ள விட முடியாது. மத்த அம்மாமார் என்னைப் பிச்சு எடுக்கறாங்க" என்றாள். சுண்டு எங்களுக்கு நடுவில் நின்றுகொண்டு அத்தனையையும் கேட்டாள். அப்போதெல்லாம் அவள் விளையாடப் போனாலும் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் தைத்த துணியைக் கொடுத்துவிட்டு மத்தியானம் திரும்பி வந்து, டீ போடலாம் என்று அடுப்படிக்குப் போனேன். தீக்குச்சி கையில். சுண்டு தலையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். கண் இரண்டும் சிவந்து கிடந்தது. "எரியுது அத்தை" என்றாள். அப்போதுதான் அந்த வாடை என் மூக்கில் ஏறியது. மண்ணெண்ணெய். காலையிலிருந்து ஊறிக்கொண்டிருக்கிறதாம்.

தீப்பெட்டியைத் தூரத் தூக்கி எறிந்தேன். பிள்ளையைக் குழாயடிக்கு இழுத்துப் போய்த் துண்டை அவிழ்த்தால், காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் தோல் கொப்புளித்து, ஓரிடத்தில் உரிந்தே போயிருந்தது. தண்ணீர் பட்டதும் அலறினாள்.

"பாவி! பெத்தவதானா நீ? நான் குச்சியைக் கிழிச்சிருந்தா என்ன ஆயிருக்கும்?"

அவள் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள். "நாளைக்குப் பார்ப்பாங்க அண்ணி. ஸ்கூல்ல உள்ள விட மாட்டாங்க அண்ணி" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அறைந்திருப்பேன். பிள்ளை பார்க்கிறதே என்று விட்டேன்.

இருவரையும் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். சின்ன ஆஸ்பத்திரி, காத்திருக்கும் நாற்காலிகளும் புண்ணுக்குக் கட்டுப் போடும் இடமும் ஒரே அறைதான், நடுவில் ஒரு அரைத் திரை. நாற்காலியில் இருந்த ஒரு அம்மாள் இவளைப் பார்த்ததும், "அட நீயா!" என்று சிரித்தாள். வாரம் தவறாமல் இவளிடம் தலை கழுவிக்கொள்கிறவளாம். இவள் முகம் வெளிறிவிட்டது.

நர்ஸ் புண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "யார் போட்டது இதை?"

"நான்தான்."

"இது மருந்தாம்மா? மூச்சுக்குள்ள போயிருந்தா நுரையீரலே கெட்டுப் போயிருக்கும். கடையில மருந்து இருக்குல்ல?"

"போட்டோம். போகுது, திரும்ப வருது."

"பொண்ணு யாரோட படுக்கறா?"

"அம்மாவோட" என்றாள் சுண்டு.

"அப்ப அம்மா தலையைக் காட்டுங்க. பேன் பறந்தும் வராது, குதிச்சும் வராது. தலையும் தலையும் ஒட்டினா ஏறிடும். வீட்டுல இருக்கற எல்லாருக்கும் ஒரே நாள்ல போடணும். ஒரு வாரம், பத்து நாள் விட்டு இன்னொரு தடவை போடணும், பொரிக்காத ஈர் அதுக்குள்ள பொரிச்சிருக்கும். ஒருத்தரை விட்டாலும் அத்தனையும் வீண்."

இவள் பின்னால் நகர்ந்தாள். கை தானாகக் கொண்டைக்குப் போனது. திரைக்கு அந்தப் பக்கம் அந்த அம்மாள் கழுத்தை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்கு இல்லைங்க" என்றாள்.

"பார்த்துடலாமே."

"அதான் இல்லைங்கறேனே!"

நர்ஸ் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் சுண்டு பேசினாள். ஸ்டூலில் குனிந்து உட்கார்ந்தபடி, பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். "எங்கம்மாவுக்கு இருக்காது சிஸ்டர். அவங்க பார்லர்ல வேலை செய்யறாங்க. எனக்கு மட்டும்தான் இருக்கு. நான்தான் அழுக்கு."

இவள் மகளைப் பார்த்தாள். பிறகு ஹேர்பின்களை ஒவ்வொன்றாக உருவி மேஜைமேல் வைத்தாள். கொண்டை அவிழ்ந்து விழுந்தது. நர்ஸுக்குச் சீப்பே தேவைப்படவில்லை. பிடரி முடியைத் தூக்கியதும் கையை எடுத்துவிட்டாள். நாற்காலியிலிருந்த அம்மாள் எழுந்து போய் வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் என்னிடம் வாயைத் திறந்தாள். சுண்டு கட்டோடு எங்களுக்கு முன்னால் தனியாகப் போய்க்கொண்டிருந்தாள்.

"யாருக்கும் தெரியாம நானே ரெண்டு தடவை மருந்து போட்டுக்கிட்டேன் அண்ணி. இவ்வளவு முடி, பின்னால கை எட்டல. வெட்டினா மேடம் ஏன்னு கேட்பாங்க."

"என்கிட்ட காட்டியிருக்கலாமேடி!"

"உங்க வாயைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

சுருக்கென்று தைத்தது. தெரு முழுக்க என் வாய் பிரசித்தம்தானே.

மறுநாள் அவள் பார்லருக்குப் போவதற்குள் விஷயம் போய்விட்டது. மேடம் கத்தவில்லையாம். எல்லாப் பெண்களும் தோளில் துண்டோடு உட்கார்ந்திருந்தார்களாம். "அந்தச் சின்னப் பொண்ணை உன் பேச்சைக் கேட்டுத்தானே அனுப்பினேன்?" என்று மட்டும் கேட்டாளாம். அதோடு வேலை போனது, இவள் திரும்பி வந்துவிட்டாள்.

நர்ஸ் சொன்னபடி எல்லாம் செய்தோம். சுண்டுவின் புண் ஆறியதும் ஒரே நாளில் மூன்று பேருக்கும் மருந்து. பத்தாவது நாள் மறுபடியும். இவள் கூந்தலைத் தோளளவுக்கு நான் வெட்டினேன். என் வெட்டு எப்படி இருக்கும் என்று கேட்க வேண்டாம். நான் அவளுக்குச் சீப்பு போட்டேன், அவள் எனக்குப் போட்டாள். பேன் போன இடம் தெரியவில்லை. டீச்சர் சுண்டுவை மறுபடியும் மற்ற பிள்ளைகளோடு பழைய இடத்திலேயே உட்கார வைத்துவிட்டாள். இவள் இப்போது ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவும் வேலைக்குப் போகிறாள்.

அப்பாடா என்று நினைக்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சுண்டு இப்போது உள்ளறையில் படுப்பதில்லை. முன்னறையில், என் மிஷினுக்கு அடியில், தனியாக ஒரு போர்வையை விரித்துப் படுத்துக்கொள்கிறாள். என் பக்கத்திலும் வருவதில்லை. புழுக்கமாக இருக்கிறது என்றாள். பிள்ளைதானே, தானாகச் சரியாகிவிடும் என்று விட்டேன்.

நேற்று சாயங்காலம் அவள் தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். வேலையிலிருந்து வந்த இவள், ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து மகளை மடியில் இழுத்துச் சாய்த்தாள். சுண்டு துள்ளி எழுந்து, இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள்.

"தொடாதம்மா! என்கிட்டேருந்துதானே உனக்கு வந்துச்சு. என்னாலதானே உன் வேலை போச்சு."

நான் மிஷினை நிறுத்தினேன். தம்பி மனைவி பக்கம் திரும்பினேன். "சொல்லுடி. இப்பவாவது சொல்லித் தொலை" என்றேன்.

அவள் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. "இல்லடா கண்ணு. திரும்பத் திரும்ப உனக்கு வந்தது அம்மாகிட்டேருந்துதான். அம்மா தலையில இருந்தது அம்மாவுக்குத் தெரியும். வேலைக்குப் பயந்து மறைச்சுட்டேன். உன்மேல ஒரு தப்பும் இல்ல. நீ அழுக்கு இல்லடா."

சுண்டு அத்தனையையும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு கையை மட்டும் எட்ட நீட்டி அம்மாவின் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"எனக்காகப் பொய் சொல்லாதம்மா. உன்கிட்டேருந்துதான் வருதுன்னு தெரிஞ்சிருந்தா என் தலையில மண்ணெண்ணெயைப் போய் ஊத்தியிருப்பியா?"