வண்டு விழுந்த மாவு

அந்தப் பிளாஸ்டிக் பேசின் பச்சை நிறம். விளிம்பில் ஒரு விரல் நீளத்துக்கு விரிசல் விட்டு, கரண்டிக் காம்பைச் சுடவைத்து இழுத்து ஒட்டியிருந்தார்கள். ஒட்டிய இடம் கறுத்து, தழும்பு மாதிரி தடித்திருக்கும். எங்கள் ஊர் பால்வாடியில் டீச்சரம்மா அதில்தான் மண்ணைக் குழைத்துப் பிள்ளைகள் முன்னால் வைப்பார். ஏறக்குறைய முப்பது வருஷம் ஆகப்போகிறது. இன்றைக்கும் எந்தப் பேசினைக் கழுவிக் கவிழ்த்தாலும் என் விரல் ஒருமுறை விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் விடுகிறது.

ஊர் காரமடைக்குப் பக்கம். தொண்ணூறுகளின் நடுவில் நான் ஒரு நூல் மில்லில் பகல் ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் லாரியில் ஏறினால் ஒரு வாரம் கழித்துத்தான் முகத்தைக் காட்டுவார். மூன்று வயது மகளைக் காலையில் பால்வாடியில் விட்டுவிட்டு ஓடினால், சாயங்காலம் தலையெல்லாம் பஞ்சோடு வந்து கூட்டிக்கொண்டு போவேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பத்தாவது முடித்தவள் நான். மண்வெட்டி பிடிக்காமல் சம்பளம் வாங்கியதும் நான்தான். எனக்கு முன்னால் எங்கள் சனம் எல்லோரும் அடுத்தவர் தோட்டத்தில் குனிந்தே காலத்தை ஓட்டியவர்கள். அம்மாவின் கால் வெடிப்பில் இருந்த செம்மண்ணை எந்தச் சோப்பாலும் எடுக்க முடியவில்லை. அதனால் என் மகளை நான் வளர்த்த விதமே வேறு. வெளுத்த கவுன், பவுடர், வாரி இறுக்கிய இரட்டைச் சடை. யாரும் அவளைப் பார்த்து மூக்கைச் சுளித்துவிடக் கூடாது என்பதில் எனக்கு ஒரு வெறியே இருந்தது.

அவள் தன் கையால் சாப்பிட மாட்டாள். ஒரு சோற்றுப் பருக்கை விரலில் ஒட்டினால் போதும், கையை உடம்பைவிட்டுத் தள்ளி நீட்டிக்கொண்டு, துடைத்துவிடும் வரை வீறிட்டு அழுவாள். தண்ணீர் சிந்தினாலும் அப்படியே. காரமடையில் ஒரு இங்கிலீஷ் மீடியம் நர்சரியில் சேர்க்க நினைத்துப் போய்க் கேட்டபோது, தானாகச் சாப்பிடத் தெரிந்த பிள்ளையை மட்டும்தான் எடுப்போம், ஊட்டிவிட ஆளில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஜூன் மாதத்துக்கு ஆறேழு மாதம்தான் இருந்தது. அந்தப் பள்ளிக்கூடம் கிடைக்காமல் போனால் அவளும் கடைசியில் என்னைப் போலப் பஞ்சுக்குள்தான் வந்து நிற்பாள் என்று எனக்கு ஒரே பயம். தட்டை வைத்து மிரட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். அவள் மண்ணைத் தொட்டபோதெல்லாம் புறங்கையில் ஒன்று வைத்து "சீ" என்று சொல்லிப் பழக்கியவளே நான்தான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

டீச்சரம்மா என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது பெரியவர். வீட்டில் தெலுங்கு பேசும் விவசாயக் குடும்பம். அவர்கள் சொந்தக்காரர் தோட்டத்தில் என் அம்மா பருத்தி எடுத்திருக்கிறார். பால்வாடி என்றால் பிள்ளைகளைக் கை கட்டி உட்காரவைத்துப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பார்கள் என்று நினைத்திருந்தேன். இவரோ முன்வாசல் வேப்பமரத்தடியில் மண்ணைக் குவித்துத் தண்ணீர் ஊற்றி விட்டுவிடுவார். புளியங்கொட்டை, ராகி உமி, வேப்பிலை என்று கையில் கிடைத்ததெல்லாம் அந்தச் சேற்றுக்குள் போகும். பேசாத பிள்ளைகூட அங்கே வாயைத் திறக்கும், அடித்துக்கொள்ளும் இரண்டு பிள்ளைகள் ஒரே குழியை மெனக்கெட்டுத் தோண்டிக்கொண்டிருக்கும். இதெல்லாம் இப்போது யோசித்தால் தெரிகிறது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது மகளின் கவுனில் செம்மண் கறை மட்டும்தான். குழாயில் ஆறு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வந்த காலம் அது.

ஒரு சாயங்காலம் பொறுக்கமாட்டாமல் கேட்டே விட்டேன். "ஏனுங்க டீச்சர், புள்ளைய இப்படிச் சேத்துல பொரட்டி அனுப்பறீங்களே?"

"தொவச்சாப் போயிருமுங்க அம்மணி" என்றார், சிரித்துக்கொண்டே.

"தொவைக்கறது நானுங்க!"

பக்கத்தில் நின்ற தாய்மார்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு, "கை பழகுனாத்தானுங்க வாய் பழகும், கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. வெடுக்கென்று சொல்லிவிட்டேன். "மண்ணு உங்களுக்கு வெளையாட்டுங்க டீச்சர். எங்களுக்கு அது வேலைங்க. எங்கம்மா மண்ணுல கெடந்தது பத்தாதுங்களா?" அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. மறுநாளும் பேசின் வாசலில்தான் இருந்தது.

ஒருநாள் கரண்ட் போய், மில்லில் பாதி ஷிப்டிலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நேரே பால்வாடிக்குப் போனேன். மற்ற பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தன. படியில் என் மகள் மட்டும். எதிரே பச்சைப் பேசினில் குழைத்த சத்துமாவு. டீச்சரம்மா இரண்டடி தள்ளி, அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, முறத்தில் அரிசியைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். மகள் ஒற்றை விரலால் மாவைத் தொட்டாள். உடனே கவுனில் துடைத்தாள். டீச்சரம்மாவின் முதுகைப் பார்த்தாள், அது திரும்பவில்லை. மறுபடியும் தொட்டாள். இந்த முறை இரண்டு விரல். நான் என் கண்ணாலேயே இதைப் பார்த்தேன். ஆனால் மனதில் பதிந்தது கவுன்தான்.

"தின்னற மாவுங்களா இது?" என்று ஆயாவிடம் கேட்டேன். சமையல் வேலை பார்த்த அந்த அம்மாள் பதறிப்போய், "இல்லீங்க அம்மணி, டின்னு அடியில வண்டு விழுந்துபோச்சுங்க. கொட்டறதுக்கு வெச்சிருந்தது. வெளையாட்டுக்காவது ஆகட்டும்னு டீச்சர் சலிச்சு எடுத்தாங்க" என்றார். எனக்கு அது தெளிவாகக் காதில் விழுந்தது. தெளிவாக விழுந்தது என்பதை இப்போது சொல்லித்தான் ஆகவேண்டும்.

அந்த வாரக் கடைசியில் ஒரு மனு எழுதினேன். பிள்ளைகள் மண்ணில் விளையாடுகிறார்கள் என்று எழுதினால் எந்த ஆபீசரும் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். அதனால் மாவைப் பற்றி எழுதினேன். ஏழைக் குழந்தைகளுக்கு அரசாங்கம் கொடுக்கும் சத்துமாவு மண்ணில் கலந்து வீணடிக்கப்படுகிறது என்று, பத்தாவது வரை படித்த தமிழில் நன்றாகவே எழுதினேன். வண்டு என்ற சொல்லை எழுதவில்லை. எட்டுத் தாய்மார்கள் கையெழுத்தும் கைநாட்டும் வைத்தார்கள், நான் சொன்னால் சரியாக இருக்கும் என்ற நம்பிக்கையில்.

ஜீப் வந்தது. நோட்டுகளைப் புரட்டினார்கள், டின்னைத் திறந்து பார்த்தார்கள், விளக்கம் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். வேலை போகவில்லை. ஆனால் ஊர் வாயை யாரால் மூட முடியும்? "டீச்சர் மாவைக் கொண்டுபோயி எருமைக்குக் கலக்கி ஊத்தறாங்களாமா" என்று பைப்படியில் பேச்சு கிளம்பியது. நான் அப்படிச் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. பேசின் பரண்மேல் ஏறியது. சாயங்காலம் டீச்சரம்மா மகளைச் சுத்தமாக, காலையில் போட்ட பவுடர்கூடக் கலையாமல், என் கையில் பிடித்துக் கொடுத்து, "பாப்பா இன்னிக்கு நல்லாத் தூங்குச்சுங்க" என்பார். அவ்வளவுதான் பேச்சு.

அந்தச் சமயத்தில்தான் அது நடந்தது. வீட்டில் தட்டில் ரசம் சோற்றைப் போட்டுவிட்டு, தண்ணீர் எடுக்க உள்ளே போய்த் திரும்பி வருகிறேன், மகள் தட்டுக்குள் கையை விட்டிருக்கிறாள். சோற்றைப் பிசைந்து, தட்டித் தட்டையாக்கி, மோந்து பார்த்து, வாயில் வைத்தாள். கன்னம், மூக்கு, கழுத்து எல்லாம் சோறு. நான் அப்படியே சுவரோடு சாய்ந்து நின்றுவிட்டேன். மறுநாள் மில்லில் ஒருத்தி பாக்கியில்லாமல் எல்லோரிடமும் சொன்னேன். பைப்படியில் பால்வாடி ஆயாவிடமும், "மிரட்டி மிரட்டி ஒருவழியாத் தின்ன வெச்சுப்போட்டேனுங்க" என்று பெருமையடித்துக்கொண்டேன்.

ஆயா குடத்தைக் கீழே வைத்தார். "நீங்க மெரட்டுனதுங்களா? ரெண்டு மாசங்க அம்மணி. மொதல்ல வெறும் தண்ணி, அப்பறம் காஞ்ச மண்ணு, அதுக்கப்பறம் ஈர மண்ணு, கடைசீல மாவு. புள்ள மூஞ்சி சுளிச்சா அன்னிக்கு அத்தோட நிறுத்திப்போடுவாங்க. ஒரு நாளாவது கையப் புடிச்சு உள்ள விட்டதில்லீங்க. பாத்தா அது கூச்சப்படுதுன்னு திரும்பி உக்காந்துக்குவாங்க. மாவை முழுக்கையால புடிச்ச அன்னிக்கு டீச்சர் கண்ணுல தண்ணி வந்துபோச்சுங்க." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

வார லீவு நாளில் குட்டைக்குப் போய், இரும்புச் சட்டி நிறைய மண் வெட்டினேன். ஜென்மத்தில் மண் சுமக்கமாட்டேன் என்றிருந்தவள், அதைத் தலையில் வைத்துக்கொண்டு அம்மா நடந்த அதே தெருவில் நடந்தேன். டீச்சரம்மா எடை நோட்டு எழுதிக்கொண்டிருந்தார். "மண்ணுங்க டீச்சர். சலிச்சு, குழைச்சு, நானே வெச்சுட்டுப் போறனுங்க" என்றேன்.

"வேண்டாமுங்க அம்மணி."

"அந்த மனு நான்தானுங்க..."

"தெரியுமுங்க. ஜீப்புல வந்தவங்க மனுவைக் காட்டுனாங்க. சேர்க்கை நோட்டுல உங்க கையெழுத்து இருக்குதுங்களே." நோட்டை மூடினார். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "நீங்க மண்ணைப் பத்திச் சொன்னது நெசந்தானுங்க. அதுக்கு எங்கிட்டப் பதில் இல்லீங்க. ஆனா மாவைப் பத்திப் பதில் எழுத வேண்டியதாப் போச்சு. இன்னொருக்கா எழுத எனக்குத் தெம்பு இல்லீங்க அம்மணி."

நான் எழுதித் தருகிறேன், உண்மையை எழுதி அதே எட்டுப் பேரிடமும் கையெழுத்து வாங்கித் தருகிறேன் என்று சொன்னேன். சத்தியமாக எழுதத்தான் நினைத்தேன். அந்த எட்டுப் பேரிடம் போய் நான் பொய் எழுதினேன் என்று சொல்ல வேண்டியிருந்தது. இந்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப் போட்டேன். சட்டி மண் பால்வாடி கேட்டோரம் காய்ந்து இறுகிக் கிடந்தது. ஜூன் வந்தது, மகளை நர்சரியில் சேர்த்தேன். பால்வாடியில் அதற்குப் பிறகு வந்த பிள்ளைகள் பாயில் கை கட்டி உட்கார்ந்து பாட்டுச் சொன்னார்கள். பேசின் கீழே இறங்கவேயில்லை. டீச்சரம்மா வேலையிலிருந்து ஓய்வு பெற்று, வெள்ளகோவிலில் இருந்த மகன் வீட்டோடு போய்விட்டார். போன வருஷம் காலமானார் என்ற சேதி காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் என் காதுக்கு வந்தது.

மகள் நன்றாகப் படித்தாள், சென்னையில் வேலை பார்க்கிறாள். அவளுக்கு இதில் ஒன்றும் ஞாபகம் இல்லை. எனக்கு மில் மூடிய பிறகு கோயம்புத்தூரில் ஒரு மழலையர் பள்ளியில் ஆயா வேலை. வெள்ளிக்கிழமைதோறும் அங்கே அழுக்கு விளையாட்டு. களிமண், பெயின்ட், ஜவ்வரிசிக் கூழ். விரலுக்குப் பலம், பென்சில் பிடிக்கும் லாவகம், பயம் தெளிதல், பேச்சு வளர்தல் என்று அதனால் வரும் நன்மைகளை வண்ண எழுத்தில் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். அதன்கீழே குனிந்து தரையைத் துடைக்கும்போது ஒவ்வொரு வரியாகப் படிப்பேன். எல்லாம் சரிதான். முழங்கால்தான் வலிக்கிறது.

போன வெள்ளிக்கிழமை ஒரு புதுப் பிள்ளை கையை உடம்பைவிட்டுத் தள்ளி நீட்டிக்கொண்டு அழுதது. இளம் டீச்சர் அதன் கையைப் பிடித்துக் கூழுக்குள் விடப் போனார். "விடுங்க கண்ணு, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி, பேசினை அதன் பக்கத்தில் வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். நெடுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. வேலை அப்படியே கிடந்தது. பிறகு பின்னால் மெல்லச் சளக் என்று ஒரு சத்தம். நான் திரும்பவில்லை.

சாயங்காலம் அதன் அம்மா, கழுத்தில் ஆபீஸ் அட்டையோடு ஓடி வந்தவள், சட்டையைப் பார்த்துச் சோர்ந்துபோய் நின்றாள். "தொவச்சாப் போயிருமுங்க அம்மணி" என்று என் வாயில் வந்துவிட்டது. அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. தொவைக்கறது நானுங்க என்று அவள் சொல்லியிருந்தால் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

எல்லோரும் போன பிறகு பேசின்களைக் கழுவிக் கவிழ்த்தேன். விளிம்பைத் தடவினேன். எல்லாம் புதுசு, எதிலும் தழும்பு இல்லை. அன்றைக்கே எழுதியிருக்க வேண்டியது ஒரே ஒரு வரிதான். மாவில் வண்டு விழுந்திருந்தது, அது எனக்குத் தெரியும்.